கால் எடுத்தால் ஓடும்

காலி வீதியில், கொள்ளுப்பிட்டிச் சந்தி தாண்டி,
நூறாம் இலக்க பஸ்ஸை முந்தப்போய்
கண் இழந்தேன்.
ஆக்சிலேற்றரை மிதித்ததும் வைப்பர் நின்றது.
பாதி வானத்தைத் துடைத்துவிட்டு
மீதி தன் வேலையா என்று யோசிப்பதுபோல்
கண்ணாடி நடுவில் நிமிர்ந்து நின்றது.
பஸ்ஸின் பின்விளக்கு கரைந்து
சிவப்புச் சாயமாய் வழிந்தது.

காலை எடுத்தேன்.
கோழி செட்டை அடிப்பதுபோல்
படபடவென்று அடித்துக்கொண்டது.
பஸ் போய்விட்டிருந்தது.

கார் ஐம்பத்தாறாம் ஆண்டு அங்லியா.
அதன் வைப்பருக்கு மின்சாரம் தெரியாது.
எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கும்போது
ஒரு குழாய் வழியே
அதில் கொஞ்சம் கடன் வாங்கி ஆடும்.
மிதித்தால் அந்த இழுவை செத்துவிடும்,
கடன் இல்லை.
ஏற்றத்திலும் அப்படித்தான். அவசரத்திலும்.

பிரிந்தபோது தயாபரன்
வெள்ளவத்தை வீட்டையும் பிரிட்ஜையும் எடுத்தான்.
நான் காரை.
"மழைக்கு எடுக்காதை" என்றான்.
சட்டத்தரணி இல்லாமல்
அவன் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மழைக்கு எடுக்காத காரை
கொழும்பில் எந்த நாளில் எடுப்பது?

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார் நானா
பொனெற்றைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.
"இத கழட்டி வீசுங்க மிஸ்.
த்ரீவீல் மோட்டர் ஒண்டு ஈக்கி, எட்டாயிரத்தைந்நூறு.
மழ நிண்டாலும் அது நிக்காது."
பிறகு பற்றரியைக் கண்டு தலையைச் சொறிந்தார்.
பொசிட்டிவ் வயரை உடம்பில் பூட்டிய வண்டி,
எல்லாம் மறுபக்கம்.
"நாளைக்கு வாங்களே, யோசிப்பம்."

நாளைக்கு எனக்கு டியூட்டி.
பெரியாஸ்பத்திரி, ஆறாம் தியேட்டர்.
சுவரிலிருந்து உறிஞ்சுகிற குழாயோடு
பதினெட்டு வருடம்.
எங்காவது ஒழுகினால்
திரும்பிப் பார்க்காமலே சொல்வேன்:
சின்னச் சீழ்க்கை,
பல்லிடுக்கில் காற்றுப் போகிறமாதிரி.

அன்று சீழ்க்கை கேட்டபோது கையில் கிண்ணம்,
மேசையில் யாருடையதோ வயிறு.
எனக்கு ஞாபகம் வந்தது கார்.
இவ்வளவு நாளும் அதைக்
கதவு றப்பர் என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஞாயிறு, மாடிவீட்டின் கீழே,
வாட்ச்மேன் பியசேன டோர்ச் பிடிக்க
மோட்டரைக் கழற்றினேன்.
கைக்குள் அடங்கும் தகரப் பெட்டி.
உள்ளே ஒரு துடுப்பு, விளிம்பில் தோல்,
கருவாடுபோல் விறைத்திருந்தது.
சோசரில் ஆமணக்கெண்ணெய் ஊற்றி
இரவு முழுக்க ஊறவிட்டேன்.
காலையில் நாக்குப்போல் மடிந்தது.

குழாய்தான் கஷ்டம்.
மீன்தொட்டிக் குழாய் பூட்டினேன்.
எஞ்சின் ஒரு இழுவை இழுக்க
அப்படியே சப்பையாய் ஒட்டிக்கொண்டது.
கடைசியில் தியேட்டரில்
திகதி கடந்து வீசப்போட்ட பொதியிலிருந்து
தடித்த குழாய் ஒன்று,
சிஸ்டரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.
"ஆருக்கு?" என்றார்.
"வயசானவர், நெஞ்சுச் சளி" என்றேன்.

செவ்வாய் பின்னேரம் மழை.
கொட்டாஞ்சேனை ஏற்றத்துக்குக் கீழே
சிவப்பு விளக்கு. போன் அடித்தது.
"மழை பெய்யுது. கார் எங்கை?"
"மூடிக் கிடக்கு."
தடக், தடக் என்று
முன்னால் அது துடைத்துக்கொண்டிருந்தது.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சத்தம் மாறியிருக்கு" என்றான்.
"என்ன போட்டனி?"

பச்சை விழுந்தது.
பின்னால் த்ரீவீல்காரன் ஹோனில் கையை எடுக்கவில்லை.
போனை மடியில் போட்டு மிதித்தேன்.

ஒன்று.
இரண்டு.
மூன்றாவது, மேல்நோக்கி, மெல்ல மெல்ல,
வயிற்றுப்பிள்ளைக்காரி படியேறுவதுபோல்
போய்
நின்றது.

சரி.
முன்பு ஒன்றிலேயே நிற்கும்.
மடியில் போன் இன்னும்
"ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தது.
காலை எடுத்தேன்.